மலைச் சைக்கிளின் பின் அதிர்ச்சி தாங்கி: பழுதும் பரிகாரமும்

சாதாரணச் சைக்கிளில் சாலையின் மேடுபள்ளங்களைத் தாங்கும் பொறுப்பு டயரினுள் அடைபட்ட காற்றைச் சார்ந்தது. 1888-ஆம் ஆண்டில் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்ற நாள்முதல் சமதரைப் பயணத்திற்கு அந்த ஏற்பாடே போதுமானதாக இருந்துவருகிறது. ஆனால், பாறையும் வேரும் நிறைந்த மலைப்பாதையில் வேகமாக இறங்கும் சைக்கிளுக்கு அது போதாது. ஆகவே இத்தகைய சைக்கிள்களில் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும்படி சட்டம் இரு பகுதிகளாக அமைக்கப்பட்டு, அவ்விரண்டிற்கும் இடையே ஓர் அதிர்ச்சி தாங்கி பொருத்தப்படுகிறது. பட்டறைகளில் இதனை ‘ஷாக் அப்சார்பர்’ என்றும், சுருக்கமாக ‘ஷாக்’ என்றும் வழங்குவர்.

உள்ளங்கையைவிடச் சற்று நீளமான இந்தக் குழல், சைக்கிளின் மற்றெந்தப் பாகத்தையும்விடத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. பழுதில்லாத தாங்கியைப் பழுதென்று எண்ணிப் பெரும்பொருள் செலவிட்டுப் புதியது வாங்குவோர் உண்டு. பழுதுற்ற தாங்கியோடு செங்குத்தான சரிவில் இறங்கித் தூக்கியெறியப்படுவோரும் உண்டு. உள்ளே எத்தகைய அழுத்தம் அடைபட்டிருக்கிறது என்பதை அறியாமல் திறக்க முற்பட்டுக் காயமுறுவதும் நேரக்கூடியதே. தாங்கியினுள் நடைபெறுவது என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், எதைத் தாமே செய்யலாம், எதை நிபுணரிடம் விடவேண்டும், எப்போது புதியது வாங்கவேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எளிதில் கிடைத்துவிடும்.

மலைச் சைக்கிள் தோன்றிய வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள மாரின் வட்டாரத்து மலைச்சரிவு ஒன்றில், 1976-ஆம் ஆண்டு அக்டோபரில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் ஏறி ஒருவரோடொருவர் போட்டியிட்டு இறங்கினர். ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி தாழும் பாதை அது. பின்சக்கரத்தின் குடத்தினுள் அமைந்த பிரேக், இறங்கி முடிப்பதற்குள் சூடேறி, அதிலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே அந்தப் போட்டிக்கு, ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்ற பெயர் வழங்கலாயிற்று.

இப்பெயரில் ஒரு விஞ்ஞான உண்மை அடங்கியிருக்கிறது. இயக்கத்தின் சக்தி அழிவதில்லை. அது வெப்பமாக மாறுகிறது. பிரேக்கிற்குப் பொருந்தும் இவ்வுண்மை அதிர்ச்சி தாங்கிக்கும் பொருந்தும் என்பது கீழே விளங்கும்.

1990-ஆம் ஆண்டுகளில் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் அதிர்ச்சி தாங்கிகள் பெருவழக்காயின. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகளில் மலைச் சைக்கிள் பந்தயம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. இந்தியாவிலும் இமயமலைச் சரிவுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இச்சைக்கிள்கள் இன்று ஓடுகின்றன. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டிகள் கேரளத்தின் பொன்முடியில் நடைபெற்றன.

இரு வேலைகள், இரு உறுப்புகள்

அதிர்ச்சி தாங்கி ஒரே பொருளாகத் தோன்றினும் அதனுள் இரு வேறு உறுப்புகள் இரு வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று வில்; மற்றொன்று தணிப்பான்.

வில்லின் வேலை, சக்கரம் கல்லின்மீது ஏறும்போது அமுங்கிச் சக்தியைச் சேமித்துவைத்துப் பிறகு அதனைத் திருப்பிக் கொடுப்பதாகும். சில தாங்கிகளில் எஃகுச் சுருள்வில் இருக்கும். பலவற்றில் குழலினுள் அடைக்கப்பட்ட காற்றே வில்லாகப் பயன்படுகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால் அது திருப்பித் தள்ளுவதை யாவரும் அறிவர். காற்று வில்லின் தத்துவம் அதுவே. பிஸ்டனின் மறுபுறத்தில் ஒரு சிறு எதிர் அறையும் இருக்கும். அதிலுள்ள காற்று எதிர்த்திசையில் தள்ளுவதால், தாங்கி தொடக்கத்தில் விறைத்து நில்லாமல் மெல்ல அசையத் தொடங்குகிறது.

வில் மட்டும் இருந்தால் சைக்கிள் பந்துபோலத் துள்ளிக்கொண்டே இருக்கும். அத்துள்ளலை அடக்குவதே தணிப்பானின் வேலை. எண்ணெய் நிறைந்த குழலில் ஒரு பிஸ்டன் அசைகிறது. அதிலுள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு செல்லவேண்டியிருப்பதால் இயக்கம் தடைப்பட்டு, அதன் சக்தி வெப்பமாகிறது. அலுவலகக் கதவுகளை ஓசையின்றி மெல்ல மூடும் கருவியிலும், ரயில் பெட்டிகளின் அடியிலும், ஜீப்பின் சக்கரங்களின் அருகிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். எண்ணெயில் நுரை தோன்றாதிருக்கும்பொருட்டு, தணிப்பானின் ஒரு முனையில் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டு, ஒரு மிதவைப் பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரித்துவைக்கப்படுவது பொதுவழக்கம்.

வில்லில் நேரும் பழுது வேறு, தணிப்பானில் நேரும் பழுது வேறு. பரிகாரம் முழுவதும் இந்த வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது.

பழுதை இனங்காணும் முறை

முதலில் சேணத்தைப் பிடித்துச் சைக்கிளின் பின்பகுதியைச் சற்றே மேலே தூக்கிப் பார்க்கவேண்டும். ‘டொக்’ என்ற ஓசையோடு சிறு ஆட்டம் தெரிந்தால், பெரும்பாலும் அது தாங்கியின் பழுதன்று. அதன் இரு முனைகளிலும் உள்ள புஷ் தேய்ந்திருக்கும், அல்லது போல்ட் தளர்ந்திருக்கும். புஷ்ஷை மாற்றுவது சிறு வேலையே.

அடுத்து, சேணத்தைக் கையால் வலுவாக அழுத்தி விடவேண்டும். நல்ல தாங்கி அமைதியாக மேலெழுந்து நின்றுவிடும். திரும்பும் வேகத்தைச் சரிசெய்யும் திருகியை ஒருமுறை முழுவதும் திறந்தும், மறுமுறை முழுவதும் மூடியும் இச்சோதனையைச் செய்தால் இரண்டிற்குமிடையே தெளிவான வேறுபாடு தெரியவேண்டும். வேறுபாடே இல்லாமல் இரு நிலைகளிலும் சைக்கிள் துள்ளியெழுந்தால் தணிப்பான் பழுதுற்றது எனக் கொள்ளலாம். அசையும்போது ‘சளக் சளக்’ என்ற ஓசை கேட்பது, நைட்ரஜன் எண்ணெயோடு கலந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகலாம். தண்டின்மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் காணப்படுவது இயல்பே. ஆனால் துடைத்த பின்னும் துளித்துளியாக எண்ணெய் வழிந்தால் சீல் கெட்டிருக்கிறது.

மூன்றாவதாக, ஒருநாள் நிறுத்திவைத்த சைக்கிள் மறுநாள் தாழ்ந்து அமுங்கினால் காற்று கசிகிறது. காற்றேற்றும் வால்வைச் சுற்றியும் குழலின் விளிம்புகளிலும் சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கவேண்டும். வால்வில் குமிழி எழுந்தால் உள்ளூசியை இறுக்கினாலே போதும். அல்லது அதனை மட்டும் மாற்றலாம். அது மோட்டார் கார் டியூபில் உள்ள அதே வகை வால்வு.

நான்காவது நிலை ஆபத்தானது. தாங்கி அமுங்கியபடியே நின்று, எழாமல் போவது இது. உள்சீல் கெட்டு, மிகுந்த அழுத்தமுள்ள காற்று எதிர் அறையினுள் புகுந்து சிக்கிக்கொண்டிருக்கக்கூடும். இத்தகைய தாங்கியை எக்காரணத்தாலும் பிரிக்கலாகாது.

கசிவா, குளிரா?

அழுத்தம் குறைந்ததாகத் தோன்றும் எல்லா இடங்களிலும் கசிவு இருப்பதில்லை. தாங்கிக்கெனத் தனியே உள்ள சிறு பம்பை வால்வில் பொருத்தியவுடன், தாங்கியின் காற்றில் ஒரு பங்கு பம்பின் குழாயை நிரப்பச் சென்றுவிடும். தாங்கியின் கொள்ளளவு மிகச் சிறிது. ஆகவே முந்தையநாள் ஏற்றிய அளவைவிடக் குறைவாகவே முள் காட்டும். இதனைக் கசிவென்று கருதுவது பிழையாகும். பம்பைக் கழற்றும்போது எழும் ‘உஸ்’ என்ற ஓசையும் பெரும்பாலும் குழாயில் தங்கிய காற்று வெளியேறுவதே.

குளிரும் இவ்வாறே ஏமாற்றும். சமவெளியில் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு என்று முள் காட்டும்படி காற்று ஏற்றப்பட்டதாகக் கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தமான சுமார் 15 பவுண்டைச் சேர்த்தால் மொத்த அழுத்தம் 215 பவுண்டு. அதே சைக்கிள் 0 டிகிரி உள்ள இடத்திற்குச் சென்றால், தனிவெப்பநிலை 303-இலிருந்து 273-க்குக் குறைகிறது. மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறக்குறைய 194 பவுண்டாகிறது. வெளியழுத்தத்தைக் கழித்தால் முள் 179 பவுண்டையே காட்டும். கசிவு இல்லாமலே 21 பவுண்டு குறைந்துவிட்டது.

உயரத்தின் விளைவு இதற்கு மாறானது. சுமார் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதமே. அதாவது சுமார் 9 பவுண்டு. அங்கு 0 டிகிரியில் முள் சுமார் 185 பவுண்டு காட்டும். உயரத்தால் ஏறுவது சுமார் 6 பவுண்டு. குளிரால் இறங்குவது 21 பவுண்டு. ஆகவே மலைக்குச் சென்றபின் அங்குள்ள குளிரில் அழுத்தத்தை மீண்டும் சரிபார்ப்பதே முறை.

முள்ளைவிட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. ஓட்டுபவர் தமது வழக்கமான சுமையோடு சேணத்தில் அசையாது அமரும்போது தாங்கி எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது. தண்டின்மீதுள்ள ரப்பர் வளையத்தை விளிம்பு வரை தள்ளிவைத்து, மெல்ல அமர்ந்து, மெல்ல இறங்கினால் வளையம் நகர்ந்த தூரம் தெரியும். மொத்த அசைவில் 25 முதல் 30 சதவீதம் இருப்பது பொதுவாக ஏற்றது. 57 மில்லிமீட்டர் அசைவுள்ள தாங்கியில் இது 14 முதல் 17 மில்லிமீட்டர் ஆகும்.

காற்றறையைத் துப்புரவு செய்தல்

காற்றுத் தாங்கிகளில் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் தூசியும் சேறும் சீல்களில் படிவதேயாகும். சுமார் 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை காற்றறையைத் துப்புரவு செய்யும்படியும், சுமார் 100 முதல் 200 மணி நேரத்திற்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கொரு முறை தணிப்பானைப் புதுப்பிக்கும்படியும் தயாரிப்பாளர்கள் கூறுவர். மழைக்காலச் சேற்றில் ஓடும் சைக்கிளுக்கு இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நலம். முதல் வேலையைக் கவனமுள்ள எவரும் செய்யலாம். அதற்கு வேண்டிய சீல் தொகுப்பின் விலை, புதிய தாங்கியின் விலையில் ஒரு சிறு பங்கே.

வேலை தொடங்குமுன் உள்ளே இருக்கும் விசையை மனத்திற்கொள்வது அவசியம். காற்றறையின் குறுக்களவு 38 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அதன் பரப்பு சுமார் 11.3 சதுர சென்டிமீட்டர். சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டு அழுத்தம் அப்பரப்பின்மீது ஏறத்தாழ 160 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையை உண்டாக்கும். இரண்டு பேரின் எடையை ஒரு திருகுமூடி தாங்கிநிற்கிறது எனலாம்.

எனவே, முதற்கண் காற்றின் அழுத்தத்தையும் திருகிகளின் நிலையையும் குறித்துக்கொண்டு, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, காற்றை மெல்ல மெல்ல வெளியேற்றவேண்டும். சிறிது காற்றை விட்டபின் தாங்கியைச் சில முறை அமுக்கி எழுப்பி, மீண்டும் சிறிது விடவேண்டும். ஒரேயடியாக விட்டால் எதிர் அறையின் காற்று வெளியேற வழியின்றித் தாங்கி அமுங்கி நின்றுவிடும். அவ்வாறு நின்றால் மீண்டும் காற்றேற்றிப் பார்க்கவேண்டும். எழுந்தால் முன்போல மெல்ல விடலாம். எழாவிட்டால் அங்கேயே வேலையை நிறுத்திப் பயிற்சி பெற்ற பட்டறைக்கு அனுப்பவேண்டும்.

காற்று முழுவதும் வெளியேறிய பின்னர் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, சைக்கிளுக்கு முட்டுக்கொடுத்து, இரு முனைப் போல்ட்டுகளையும் நீக்கித் தாங்கியை வெளியே எடுக்கலாம். அதன் முனையை மென்மையான தாடைகள் பொருத்திய வைஸில் பிடித்து, குழலைத் துணியால் சுற்றி, இடஞ்சுழியாகத் திருகவேண்டும். முகத்தையும் மார்பையும் குழலின் நேர்க்கோட்டில் வைத்தல் கூடாது. திருகும்போது உள்ளிருந்து ஏதேனும் தள்ளுவதாகத் தோன்றினால் உடனே நிறுத்தவேண்டும்.

பழைய சீல்களை எடுக்க மரக்குச்சியையோ பிளாஸ்டிக் முனையையோ பயன்படுத்தவேண்டும். இரும்பு ஊசி ஏற்படுத்தும் ஒரு கீறல் புதிய சீலையும் பயனற்றதாக்கிவிடும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். ஆதலால் அவற்றால் கழுவலாகாது. பஞ்சிழை உதிராத துணியால் துடைத்து, தயாரிப்பாளர் குறித்த கிரீஸையும், குறித்த அளவு எண்ணெயையும் இட்டு, புதிய சீல்களைத் திருப்பமின்றிப் பொருத்தவேண்டும். இச்சமயத்தில் தண்டை நகத்தால் தடவிப் பார்ப்பது நல்லது. நகத்தில் தட்டுப்படும் அளவிற்குக் கீறல் இருந்தால் எத்தனை முறை சீல் மாற்றினாலும் கசிவு நில்லாது. தண்டையோ தாங்கியையோ மாற்றவேண்டியதுதான்.

உள்ளூசியைப் பொருத்திக் குழலை மூடியபின் முதலில் சுமார் 50 பவுண்டு காற்றேற்றி, தாங்கியை மெல்லப் பலமுறை அமுக்கினால் இரு அறைகளிலும் அழுத்தம் சமமாகும். பிறகே முழு அழுத்தத்திற்கு உயர்த்தவேண்டும். மறுநாள் அமர்ந்து அமுங்கும் அளவை மீண்டும் அளந்தால் வேலை சரியாக முடிந்ததா என்பது தெரிந்துவிடும்.

கை வைக்கலாகாத இடம்

தணிப்பானைத் திறப்பது இதனினும் வேறான வேலை. அதிலுள்ள நைட்ரஜனின் அழுத்தம் சதுர அங்குலத்திற்குச் சில நூறு பவுண்டு இருக்கலாம். காற்றறை வெறுமையான பின்னும் இந்த அழுத்தம் அப்படியே இருக்கும். அதனை வெளியேற்றவும், எண்ணெயில் ஒரு குமிழியும் இல்லாமல் நிரப்பவும், மீண்டும் நைட்ரஜன் ஏற்றவும் தனிக் கருவிகள் தேவை. ஆகவே துள்ளல், சளக்கென்ற ஓசை, எண்ணெய் வழிதல் ஆகிய மூன்றில் எது காணப்பட்டாலும் நிபுணரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. பழைய தாங்கியை அறுப்பதோ, துளையிடுவதோ, நெருப்பிலிடுவதோ கூடாது. பழைய எண்ணெயை மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றாமல் சேர்த்துவைத்து, மோட்டார் பட்டறைகளின் கழிவெண்ணெயோடு சேர்க்கவேண்டும்.

புதியது பொருத்தும்போது

தண்டு கீறிய அல்லது வளைந்த நிலையிலும், உதிரிபாகம் கிடைக்காதபோதும், புதுப்பிக்கும் செலவு புதியதன் விலையை நெருங்கும்போதும் மாற்றுவதே சிறந்தது. அப்போது இரண்டு அளவுகள் இன்றியமையாதவை. ஒன்று, இரு முனைத் துளைகளின் மையங்களுக்கிடையே உள்ள நீளம். மற்றொன்று, தாங்கி அசையும் தூரம். பழைய தாங்கிகளில் இவை அங்குலக் கணக்கில் அமைந்தவை. 200-க்கு 57 மில்லிமீட்டர் என்பது அவற்றுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டுமுதல் 210-க்கு 55 மில்லிமீட்டர் போன்ற மெட்ரிக் அளவுகள் வழக்கிற்கு வந்தன. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

அசைவு சற்று மிகுதியாக இருந்தால் நன்மைதானே என்று எண்ணுதல் கூடாது. பின்சக்கரம் 140 மில்லிமீட்டர் உயரும்போது தாங்கி 57 மில்லிமீட்டரே அமுங்குகிறது என்றால் நெம்புகோல் விகிதம் ஏறத்தாழ இரண்டரை. தாங்கியில் 4 மில்லிமீட்டர் கூடினால் சக்கரம் 10 மில்லிமீட்டர் கூடுதலாக உயர்ந்து சட்டத்தில் உராயும். இறக்கத்தின் நடுவே அவ்வாறு நேர்ந்தால் சக்கரம் திடீரென நின்றுவிடும். இதே விகிதத்தால், பின்சக்கரத்தின்மீது 45 கிலோகிராம் எடை தங்கும்போது தாங்கியின்மீது சுமார் 112 கிலோகிராம் எடைக்குரிய விசை செயற்படுகிறது. ஆகையால் போல்ட்டின் குறுக்களவு, புஷ்ஷின் அகலம், முனையின் வகை ஆகியவையும் அப்படியே ஒத்திருக்கவேண்டும். போல்ட்டைக் குறித்த அளவிற்கே, முறுக்குவிசை காட்டும் ஸ்பேனரால் இறுக்கவேண்டும். பொருத்தியபின் காற்று இல்லாத நிலையில் பின்சக்கரத்தை முழுவதும் உயர்த்தி, டயரோ தாங்கியோ சட்டத்தில் எங்கேனும் தட்டுகிறதா என்று பார்த்துவிட்டே ஓட்டத் தொடங்கவேண்டும்.

வகுப்பறையில் செய்துகாட்ட

ஆசிரியர்கள் இத்தத்துவங்களைச் சிறு செலவில் விளக்கலாம். ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றில் காற்றை நிரப்பி வாயை விரலால் மூடி அழுத்தினால், தொடக்கத்தில் எளிதாகவும் போகப்போகக் கடினமாகவும் இருப்பதை மாணவர் உணர்வர். கனஅளவு பாதியானால் மொத்த அழுத்தம் இரட்டிக்கும் என்ற பாயில் விதிக்கு இது நேரடிச் சான்று. அதே சிரிஞ்சில் நீரை நிரப்பி, சிறு துளையின் வழியே மெல்லத் தள்ளும்போது தடை குறைவாகவும், விரைந்து தள்ளும்போது மிகுதியாகவும் இருப்பதைக் காட்டலாம். முன்னது வில், பின்னது தணிப்பான். சுருள்வில்லில் எடையொன்றைத் தொங்கவிட்டு, காற்றில் ஒருமுறையும் எண்ணெயில் அமிழ்த்தி ஒருமுறையும் ஆடவிட்டால், இரண்டும் சேர்ந்தே சைக்கிளை நிலைநிறுத்துகின்றன என்பது கண்ணெதிரே புலப்படும்.

மலைப்பகுதிகளில் சைக்கிளைப் பயன்படுத்தும் களப்பணியாளர்கள் வாரம் ஒருமுறை சேணத்தைத் தூக்கிப் பார்த்தல், அழுத்தி விட்டுப் பார்த்தல், வளையம் நகரும் தூரத்தை அளத்தல் ஆகிய மூன்றையும் செய்யலாம். அதற்குச் சில நிமிடங்களே பிடிக்கும். கழுவும்போது சீல்களின்மீது விசையுடன் நீர் பாய்ச்சாமல், ஈரத்துணியால் தண்டைத் துடைத்துவைத்தால் தாங்கி நெடுநாள் உழைக்கும். வில்லின் பழுதைத் தாமே சரிசெய்து, தணிப்பானின் பழுதை நிபுணரிடம் விட்டு, சிக்கி நிற்கும் தாங்கியைத் திறவாமலிருந்தால் பொருளும் மிஞ்சும். உயிருக்கும் உடலுக்கும் ஊறு நேராது.